எல்லையோரக் குழந்தையும் பள்ளியின் கடமையும்

(குமுளியில், எல்லையோரப் பகுதிப் பெற்றோரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலரிடம் இன்று ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறது. கோட்டயத்திலோ தேனியிலோ மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது. அதில் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்த நாள் முதல் சில வீடுகளில் பேச்சே குறைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனவே முகவுரை எதுவுமின்றி அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். எண்களைப் படித்துப் பொருள் கூறுவது என் தொழில். மருத்துவம் எனக்குரிய துறையன்று.

ஆட்டிசத்தை அளந்தறிய நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அளவுகோல் ஒன்று வழக்கில் உள்ளது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் அதனை வகுத்தது. அதில் 40 கூறுகள் உள்ளன. பிறரோடு பழகுதல், உணர்ச்சியை வெளிப்படுத்துதல், பேச்சு, நடத்தை, ஒலி ஒளி முதலிய புலனுணர்வுகள், அறிதிறன் என ஆறு பிரிவுகளில் அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே கூட்டுத்தொகை 40க்குக் குறையாது, 200ஐத் தாண்டாது. 70க்குக் கீழிருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்ளப்படுகிறது. 70ஐ எட்டினால் சட்டத்தின் பாதுகாப்பும் சலுகைகளும் கிடைக்க வழி பிறக்கிறது.

இந்த எண் குழந்தையின் அறிவுக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று. எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை மதிப்பிட்ட நாளில், மதிப்பிட்டவர் கண்ட அளவில் கூறும் குறிப்பு அது. நம் பகுதிக்கே உரிய ஒரு கேள்வியையும் பெற்றோர் இங்கே கேட்டாக வேண்டும்: மதிப்பீடு எந்த மொழியில் நடந்தது? வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் நான்கு வயதுக் குழந்தையிடம் மலையாளத்தில் வினவினால், அது விடையளிக்காமைக்கு மொழியும் காரணமாகலாம். பேச்சுப் பகுதியின் மதிப்பெண் அதனால் மாறக்கூடும். தமிழறிந்த ஒருவர் உடனிருந்தாரா, செவித்திறன் சோதிக்கப்பட்டதா என்பவற்றைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. மருத்துவரை ஐயுறுவதாக யாரும் கொள்ள மாட்டார்கள்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதியிறுக்கம் என்று சிலர் தமிழாக்கம் செய்துள்ளனர். அச்சொல் மதிக்கே ஊறு நேர்ந்துவிட்டது போன்ற பொருளைத் தருவதாக எனக்குப் படுகிறது. ஆகையால் மக்கள் வழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே கையாள்கிறேன்.

அறிக்கை வந்ததும் வீட்டில் எழும் முதற் கேள்வி, யாரால் வந்தது என்பதாகும். பழி பெரும்பாலும் தாயின்மீது விழுகிறது. கற்றறிந்த உலகமும் இப்பிழையைச் செய்ததுண்டு. 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விரிவாக விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அன்பற்ற தாயின் வளர்ப்பே காரணம் என்ற கொள்கை ஓங்கியிருந்தது. பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர், தாமும் அத்தகைய குழந்தையின் தந்தை, 1964இல் எழுதிய நூலில் அதனை மறுத்தார். பிறப்பிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு இது என்றும், மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு என்றும் இன்று ஐயமின்றித் தெரிந்துள்ளது. தடுப்பூசியால் வருவது என்று 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கிளப்பிய அச்சமும் பொய்யாயிற்று. வெளியிட்ட இதழே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அடுத்த குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

கானர் கண்ட 11 குழந்தைகளில் முதல்வராகக் குறிக்கப்பட்டவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவர். நம் குமுளியைப் போல அதுவும் பெருநகரங்களுக்கு அப்பாற்பட்ட ஊர். மருத்துவர்கள் சொற்படி, மூன்று வயதில் அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தனர். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் பெற்றோர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். உள்ளூர்ப் பள்ளியில் படித்தார், கல்லூரியில் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 2023இல் 89ஆம் வயதில் காலமானார். அவ்வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தினருடையது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏலத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அத்தகைய பின்பலம் இல்லை. எனினும் அவ்வூரார் அவருடைய விந்தையான பழக்கங்களைப் பொருட்படுத்தாமல் அவரைத் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். அதற்குச் செல்வம் தேவைப்படவில்லை.

அந்தப் பின்பலத்தின் இடத்தை நம் நாட்டில் சட்டம் ஓரளவேனும் நிரப்ப வேண்டியுள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் இதனைப் பெயர் சொல்லிக் குறித்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இக்குழந்தைகளையும் உள்ளடக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனங்களின் பட்டியலை 21ஆக விரித்தது. அதன் 16ஆம் பிரிவின்படி, அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, தேவையான வசதிகளையும் செய்து தர வேண்டும். 31ஆம் பிரிவு, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. ஆகவே, "இடமில்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுதித் தருமாறு பணிவுடன் கேளுங்கள். எழுதித் தர எவரும் எளிதில் முன்வருவதில்லை என்பது என் அலுவலக அனுபவம். எழுதித் தந்தால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்ப அதுவே சான்றாகும்.

சேர்க்கைக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. "என் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோளை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒன்றும் செய்ய இயலாது. எதெது வேண்டும் எனக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். மணியோசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையானால், மணியிலிருந்து தொலைவான வகுப்பறை வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் கலங்குபவனுக்கு, அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். ஓர் அட்டையும் பசையும் போதும். கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சிறு வாக்கியங்களில் அமைய வேண்டும். கூச்சல் மிகுந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க ஒரு மூலை வேண்டும். கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் பெற வழியுண்டு; அதற்கான சான்றிதழ்களைக் கடைசி ஆண்டில் தேடி அலையாமல் இப்போதே சேர்த்து வைக்க வேண்டும்.

மொழியைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். "இரண்டு மொழி குழப்பும், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு மலையாளத்திலேயே பேசுங்கள்" என்று இங்குள்ள தாய்மார்களுக்கு நல்லெண்ணத்துடனேயே அறிவுரை கூறப்படுகிறது. இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி நடந்த ஆய்வுகள், இரண்டாவது மொழியால் பேச்சு மேலும் தாமதப்படுவதாகக் காட்டவில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவள் குழந்தையோடு பேசினால், பேச்சே சுருங்கிப்போகும். கொஞ்சலும் கண்டிப்பும் கதையும் பாட்டும் அவளுக்குத் தமிழில்தானே வரும்? பேசத் தயங்கும் குழந்தைக்கு அவை குறைவது பெரும் இழப்பு. தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களை நெறிப்படுத்துகிறது. பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்கு வந்து செல்லும் சிறப்பாசிரியரும் தமிழறிந்தவராக இருக்க வேண்டுமெனப் பெற்றோர்-ஆசிரியர் கழகம் தீர்மானம் நிறைவேற்றி, வட்டார வள மையத்துக்கு அனுப்பலாம்.

ஆசிரியர்களின் இடரும் எனக்குப் புரிகிறது. ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வரும்போது, ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நேரம் சொற்பமே. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. 2022இல், பொதுப் பள்ளிகளின் தொடக்க நிலையில் இத்தகைய 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்று அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில், பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க வேண்டியதாயிற்று. விகிதம் தாளில் இருக்கிறது; ஆள் வர வேண்டும்.

இனிப் பொருளாதாரக் கணக்கு. பேச்சுப் பயிற்சிக்காக வாரம் ஒரு நாள் மலையிறங்கிச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. பேருந்துக் கட்டணம் வேறு. வாரத்தில் ஆறு நாள் வேலை என்று கொண்டால், அவளுடைய வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு பயணத்திலேயே போய்விடுகிறது. என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களில் ஒரு தாய்க்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஊனமுற்ற குழந்தையானால் அதற்கு வயது வரம்பும் இல்லை. ஏலக்காய் பறிக்கும் தாய்க்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. கேரள அரசின் ஆசுவாசகிரணம் திட்டம் முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. பராமரிப்பும் ஓர் உழைப்பே என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். அதன் அளவு, மாதம் நான்கு நாள் இழக்கும் கூலிக்கு அருகில்கூட வராது. பயிற்சியாளர் மாதத்தில் சில நாள் குமுளிக்கே வந்தால், அவர் ஒருவரின் பயணப்படியோடு செலவு முடியும். இருபது தாய்மார் கூலியிழந்து மலையிறங்குவதைவிட அது மலிவு. ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று கிராம சபையில் கேளுங்கள். கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

எல்லைச் சிக்கல் ஒன்றும் உண்டு. சோதனைச் சாவடிக்கு இப்பால் வேலை, அப்பால் கம்பத்திலோ கூடலூரிலோ வீடு என வாழும் குடும்பங்கள் பல. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனச் சான்றிதழ் நாடெங்கும் செல்லுபடியாகும். தேனியில் பெற்றதைக் குமுளிப் பள்ளி மறுக்க இயலாது. மாநில அரசுகளின் உதவித்தொகைகள் அவ்வாறல்ல. அவை குடியிருப்பைப் பொறுத்தவை. ஆகவே குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, சான்றிதழ் மூன்றிலும் முகவரி ஒன்றாக இருக்கட்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் மாநில வேறுபாடின்றி ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் சட்டத்தின் பார்வையில் அவர் பெரியவர். பெற்றோர் தாமாகவே பாதுகாவலராக நீடிப்பதில்லை. தேவைப்படுவோர் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இடுக்கியில் ஆட்சியர் அலுவலகம் பைனாவில் உள்ளது. தேனி மாவட்டத்தில் குடியிருப்போர் தேனி ஆட்சியரகத்தை அணுக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இருவர் சற்று முன் இதைப் பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்களைக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பார்ப்போம்.