உடைந்துகொடுக்கும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நமது குடியிருப்பில் பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி, 'ஃபிரான்ஜிபிள்' என்பதன் பொருள் யாது என்று என்னை வினவினாள். "மாற்றல் உத்தரவு வந்ததும், கண்ணாடிச் சாமான் பெட்டியின்மீது 'ஃபிரஜைல்' என்று எழுதுகிறோமே, அதுவேதான்" என்று விடை கூறிவிட்டேன். பின்னர் அகராதியைப் புரட்டியபோதுதான் என் பிழை புலனாயிற்று.

இரண்டும் உடன்பிறந்த சொற்களே. உடைத்தல் என்னும் பொருளுடைய 'ஃபிராங்கெரெ' என்ற இலத்தீன் வினையே இவற்றின் வேர். எலும்பு முறிவைக் குறிக்கும் 'ஃபிராக்சர்', கணக்கில் பின்னத்தைக் குறிக்கும் 'ஃபிராக்‌ஷன்' ஆகியவையும் அவ்வேரில் கிளைத்தவையே. எனினும், 'ஃபிரஜைல்' என்பது உடைந்துவிடுமோ என்று நாம் அஞ்சிக் காக்கும் பொருளுக்கு உரியது. 'ஃபிரான்ஜிபிள்' என்பதோ உடையத்தக்கது என்னும் அளவில் நிற்பது. பொறியியலில் அது மேலும் ஒரு படி சென்று, உடைய வேண்டிய வேளையில் உடையுமாறு அமைக்கப்பட்டதைக் குறிக்கிறது.

விமான நிலைய ஓடுபாதையை அடுத்து நிற்கும் விளக்குக் கம்பங்களை எண்ணிப் பாருங்கள். காற்றுக்கும் மழைக்கும் அவை அசைந்துவிடலாகாது. ஆனால், வழி பிறழ்ந்த விமானம் ஒன்று மோதினால், அவை உடனே முறிந்து விழ வேண்டும். எதிர்த்து நின்றால் உள்ளிருப்போரின் உயிருக்கே கேடு. ஆகவேதான், ஓடுபாதையருகே இருந்தே தீர வேண்டிய கருவிகள் இத்தகையனவாக அமைய வேண்டுமெனப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள் பணிக்கின்றன. உடைவதே அவற்றின் கடமை!

இதனை நான் விளக்கியதும், "இதற்குத் தமிழில் சொல் இல்லையே!" என்றாள் அம்மாணவி. அது என் நெஞ்சைத் தைத்தது. பானை உடைகிறது, கொம்பு முறிகிறது, நூல் அறுகிறது, அப்பளம் நொறுங்குகிறது, சுவர் இடிகிறது. பொருளுக்கேற்ப வினையை வகுத்த மொழிக்கா சொற்பஞ்சம்? வளைந்துகொடுத்தல் என்கிறோம்; விட்டுக்கொடுத்தல் என்கிறோம். அவ்வழியே 'உடைந்துகொடுக்கும் கம்பம்' என்றால் பொருந்தாதோ? அவள் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பெற்றோர்களே! சொல் நம்மிடம் இருக்கிறது. அது பிள்ளைகளின் செவியில் விழுவதுதான் அரிதாகிவிட்டது. அடுத்த முறை வீட்டில் பீங்கான் கோப்பை கைதவறி விழுந்தால், கடிந்துகொள்வதற்கு முன்னர், அது உடைந்ததா, விரிசல் கண்டதா, நொறுங்கியதா என்று தமிழிலே கேளுங்கள். கோப்பை போனாலும் சொல் தங்கும்.