செவிலிப் பசுவைக் கொண்டு பல கன்றுகளை வளர்த்தல்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)

வயலும் தோட்டமும் செய்பவர்களாகிய உங்களிடம் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கன்று வளர்ப்பு. நெல்லையும் மிளகாயையும் வெங்காயத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் தோட்டத்துக்கு எரு தருவது மாடு. உங்கள் வயலின் வைக்கோலைப் பாலாக மாற்றித் தருவதும் மாடு. அந்த மாடு முதுமையடையும்போது அதன் இடத்துக்கு வரவேண்டியது இன்று உங்கள் கொட்டிலில் நிற்கும் நாகு கன்று. அக்கன்று இறந்துவிட்டால், அல்லது எலும்புந் தோலுமாய் வளர்ந்தால், சில ஆண்டுகளின் பின் பணங்கொடுத்துப் பிறரிடம் மாடு வாங்கவேண்டியவர் நீங்களே.

நம் கொட்டில்களிற் பல கன்றுகள் மெலிவதற்கு முதற் காரணம் பசி. நோய் அதன் பின்னாலே வந்து சேருகின்றது. பசுவைச் சுரக்கச் செய்வதற்காகக் கன்றைச் சிறிது நேரம் ஊட்டவிட்டு, உடனே இழுத்துக் கட்டி, மடியில் உள்ள பால் முழுவதையும் கறந்து விற்றுவிடுகின்றோம். எஞ்சும் சில மிடறு பாலே கன்றுக்குக் கிடைக்கின்றது. வாளியிற் பால் வைத்துக் கன்று வளர்ப்பது நல்ல முறையே. ஆனால் அதற்கு நாள்தோறும் இருவேளை பாலைக் கன்றின் உடற்சூட்டுக்குச் சூடாக்க வேண்டும். வாளியைக் கொதிநீரிற் கழுவ வேண்டும். நாற்று நடும் காலத்திலும் அரிவி வெட்டுக் காலத்திலும் இதற்கு யாருக்கு நேரம் உண்டு? அழுக்கு வாளியும் ஆறிய பாலும் கன்றுக்குக் கழிச்சலையே கொண்டுவரும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று செவிலிப் பசு முறை. பெற்ற தாய்க்குப் பதிலாகப் பிள்ளையை வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்பர். அதுபோலத் தன் கன்றோடு வேறு பசுக்களின் கன்றுகளையும் ஊட்டி வளர்க்கும் பசுவே செவிலிப் பசு. மூன்று நான்கு பசுக்கள் வைத்திருப்போர் அவற்றுள் ஒன்றை இதற்கென ஒதுக்கி, மற்றவற்றின் பாலை விற்கலாம். ஓரிரு பசுக்களே உள்ளோர் அயலவரோடு கூடியும் இதனைச் செய்யலாம்.

எந்தப் பசு ஏற்றது?

நன்றாகக் கறக்கும் சாதுவான பசுவை இதற்கு ஒதுக்க வேண்டியதில்லை. காம்பு இறுகிக் கறப்பதற்குக் கை நோகும் பசு, கறக்கும்போது உதைத்தும் கன்றிடம் அன்பாயிருக்கும் பசு, வயது சென்ற பசு ஆகியவை நல்ல செவிலிகளாகலாம். ஒரு காம்பு அடைபட்ட பசுவையும் பயன்படுத்தலாம். ஆனால் அக்காம்பு பழைய மடியழற்சியால் அடைபட்டிருப்பின், நோய் இன்னும் மடியில் மறைந்திருக்கின்றதா என்பதை மிருக வைத்தியரைக் கொண்டு முதலிற் சோதித்தறிதல் வேண்டும். கருச்சிதைவு நோய், காசநோய் ஆகியவை பாலினாற் பரவுவன. ஒரு பசுவின் நோய் ஒரு கன்றோடு நில்லாது, அதனிடம் ஊட்டும் கன்றுகள் அனைத்துக்கும் செல்லும். ஆகவே சோதிக்கப்படாத பசுவைச் செவிலியாக்கற்க.

பாலைக் கணக்கிடுக

இம்முறையிற் பலர் தவறுமிடம் இதுவே. எத்தனை கன்று விடலாம் என்பதை முடிவுசெய்வது பசுவின் பால். நமது ஆசை அன்று. கன்றொன்றுக்கு நாளொன்றுக்குத் தன் உடல் நிறையிற் பத்திலொரு பங்கு பால் வேண்டும். 25 கிலோகிராம் நிறையுள்ள கன்றுக்கு 2½ லீற்றரும், அது 40 கிலோகிராமாக வளரும்போது 4 லீற்றரும் தேவை. கன்றொன்றுக்கு 4 லீற்றர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. எனவே 8 லீற்றர் கறக்கும் பசு இரண்டு கன்றுகளையும், 12 லீற்றர் கறக்கும் பசு மூன்று கன்றுகளையும் வளர்க்கும். நாளொன்றுக்கு 2 லீற்றர் கறக்கும் நம் நாட்டுப் பசு தன் சொந்தக் கன்றுக்கே போதிய பால் தருவது அரிது. அதனிடம் இன்னொரு கன்றை விடுதல் இரு கன்றுகளையும் பட்டினியிடுதலாகும். ஜேர்சி, சாகிவால், பிரீசியன் ஆகியவற்றின் கலப்புப் பசுக்களே பெரும்பாலும் இதற்கு ஏற்றவை.

12 வாரம் பால் குடிக்கும் கன்று ஏறக்குறைய 300 லீற்றர் பாலைக் குடிக்கும். உங்கள் ஊரிற் பால் விற்கும் விலையால் இதனைப் பெருக்கிப் பாருங்கள். வளர்ந்த நல்ல நாகு ஒன்றின் விலையோடு அதனை ஒப்பிடுங்கள். இக்கணக்கின் பின்னரே எந்தக் கன்றுக்குப் பால் கொடுப்பது என்று தீர்மானித்தல் வேண்டும். நல்ல பசுவின் நாகு கன்றுக்கு முதலிடம் கொடுங்கள். இன்னுமொன்று: நாம்பன் கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த நாகு கன்று பெரும்பாலும் மலடாகவே இருக்கும், அதனைப் பாற்பசுவாக்கும் எண்ணத்தோடு வளர்க்கவேண்டாம்.

கடும்புப்பால் முதலில்

வேறு பசுவிடம் விடப்போகும் கன்றாயினும் முதலில் தன் தாயின் கடும்புப்பாலை, அதாவது சீம்பாலை, வயிறாரக் குடித்திருத்தல் வேண்டும். பிறக்கும் கன்றின் குருதியில் நோயெதிர்ப்புச் சக்தி இல்லை. கடும்புப்பாலே அதனைக் கொடுக்கின்றது. அச்சக்தியை உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்கு நெடுநேரம் இராது. முதல் ஆறு மணித்தியாலத்தில் அது மிகுதி. ஒரு நாள் கழிந்தால் இல்லை எனலாம். ஆகவே கன்று பிறந்ததும் தொப்புட்கொடியின் நுனிக்கு அயடீன் மருந்து தடவி, உடனே தாயிடம் ஊட்டவிடுக. நான்கு நாளேனும் தாயிடம் இருந்த பின் செவிலியிடம் மாற்றலாம். தாய் இறந்துவிட்டால், அண்மையில் ஈன்ற வேறு பசுவின் கடும்புப்பாலைக் கறந்து கொடுத்தல் வேண்டும்.

பசுவைப் பழக்குதல்

பசு தன் கன்றை மணத்தினாலேயே பெரிதும் அறிகின்றது. கன்று இறந்தபின் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்த பழைய வழக்கம் நம்மில் முதியோருக்குத் தெரியும். அவ்வழக்கத்தின் அடிப்படை இந்த மணமே. பிற கன்றைச் சேர்ப்பிக்கவும் இதனையே பயன்படுத்துகின்றோம்.

செவிலி ஈன்று ஒரு வாரத்துக்குள் பழக்கத் தொடங்குவது எளிது. சேர்க்கும் கன்றுகள் வயதாலும் பருமனாலும் ஒத்தனவாயிருக்கட்டும். பெரிய கன்றோடு சிறிய கன்றை விட்டாற் பெரியது குடிக்கும், சிறியது பார்த்து நிற்கும். செவிலியின் சொந்தக் கன்று படுத்த சாக்கினால் அயற் கன்றின் முதுகையும் வாலடியையும் நன்கு தேய்க்க. முதுகில் உப்புநீர் தெளித்தாற் பசு அதனை நக்கும். நக்கப் பழகிய பசு உதைப்பது குறையும். பசுவைக் குட்டையாகக் கட்டி, முன்னே தவிடும் புண்ணாக்கும் வைக்க. சொந்தக் கன்றை ஒருபுறத்தில் முதலில் விட்டுப் பால் சுரந்தவுடன், அயற் கன்றை மறுபுறத்தில் விடுக. அயற் கன்று பசியோடிருந்தால் உதைக்கு அஞ்சாது காம்பைப் பற்றும்.

முதல் வாரம் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். பசுவை அடித்தலும் அதட்டலும் ஆகா. வெருண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு வாரம் கடந்தும் முட்டித் தள்ளும் பசுவை விட்டு வேறு பசுவைத் தெரிந்தெடுத்தலே நன்று.

நாள்தோறும் செய்யவேண்டியவை

கன்றுகளை இரவும் பகலும் பசுவோடு விடவேண்டாம். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் இருபது முதல் முப்பது நிமிடம் ஊட்டவிட்டுப் பின் தனியே கட்டுக. இதனாற் பசு அமைதியாக மேயும். கன்றுகளும் புல்லுண்ணப் பழகும். இடைவிடாது ஊட்டும் பசு பருவத்துக்கு வருவது தாமதமாகும் என்பதையும் மனத்திற்கொள்க. ஈன்று இரண்டு மாதமானதும் செவிலியிடம் பருவக் குறிகளைக் கவனித்துப் பாருங்கள்.

மடியின் பின்காம்புகளிற் பால் மிகுதி, முன்காம்புகளிற் குறைவு. வலிய கன்று எப்பொழுதும் பின்காம்பையே பிடித்துக்கொள்ளும். எனவே மெலிந்த கன்றை முதலிற் பின்காம்பில் விட்டு, சிறிது நேரங்கழித்து வலிய கன்றை விடுக. ஊட்டி முடிந்ததும் கன்றுகள் ஒன்றன் காதையும் தொப்புளையும் ஒன்று சூப்புவதுண்டு. வாயில் உப்புக் கலந்த சிறிதளவு தவிட்டை வைத்து, கால் மணித்தியாலம் எட்ட எட்டக் கட்டினால் இப்பழக்கம் ஏற்படாது.

மடியை நாள்தோறும் பாருங்கள். ஊட்டிய பின் மடியில் பால் தங்கினாற் கறந்துவிடுக. ஒரு காம்பு வீங்கிச் சூடாயிருந்தால், அல்லது பால் திரிதிரியாய் வந்தால், அது மடியழற்சி. கன்றுகளை நிறுத்தி அன்றே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

கன்று வளர்கின்றதா என்பதை அறியத் தராசு தேவையில்லை. வாரத்துக்கொருமுறை முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றிக் கயிற்றால் அளந்து முடிச்சிடுக. இரு வாரமாக முடிச்சு நகராவிட்டால் அக்கன்றுக்குப் பால் போதவில்லை, அல்லது வயிற்றிற் பூச்சி உண்டு. எருமைக் கன்றுகளுக்குப் பெரிதும், பசுக் கன்றுகளுக்கும் கேடு செய்யும் பெரிய உருளைப்புழுவின் குடம்பிகள், ஈன்ற முதல் நாட்களில் தாய்ப்பாலோடு கன்றின் வயிற்றை அடைகின்றன. கன்று பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் பூச்சி மருந்து கொடுத்தால், புழு முதிருமுன் அழியும். மருந்தின் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறிக.

செவிலிக்கு உணவு

மூன்று கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு வெறும் வைக்கோலில் வாழ முடியாது. பசும்புல்லோடு சீமைக்கிளுவை, இப்பிலிப்பில், முள்முருக்கு ஆகியவற்றின் குழையும் கொடுக்க. 2½ லீற்றர் பாலுக்கு 1 கிலோகிராம் வீதம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்த உணவும், சிறிது உப்பும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் வேண்டும். கோடையிற் புல் அரிதாகும்போது வைக்கோலைப் பதப்படுத்தலாம். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாதபடி பத்து நாள் மூடிவைத்து, பின் எடுத்து ஆறவிட்டுக் கொடுக்க. யூரியா கரைத்த நீர் நஞ்சு. மாடு குடிக்க நேர்ந்தால் இறக்கும். இவ்வைக்கோல் இளங் கன்றுகளுக்கு ஆகாது. அவற்றுக்கு எட்டாதபடி வைத்தல் வேண்டும்.

பால் மறக்கச் செய்தல்

இரண்டாம் வாரம் முதலே கன்றுகளின் முன் இளம்புல்லும், ஒரு கைப்பிடி கன்றுத் தீனும், சுத்தமான தண்ணீரும் இருக்கட்டும். திண்ணுணவை உண்ணும்போதே கன்றின் பெருவயிறு வளர்கின்றது. பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில், கன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் தீனைத் தொடர்ந்து உண்ணுமாயின் பாலை நிறுத்தலாம். முதலில் ஒருவேளை ஊட்டுதலை நிறுத்தி, ஒரு வாரங்கழித்து மற்றவேளையையும் நிறுத்துக.

முதற் கன்றுகள் விலகியபின் செவிலியிடம் அடுத்த தொகுதியை விடலாம். அப்பொழுது பால் குறைந்திருக்குமாதலால் கன்றின் தொகையையும் குறைத்தல் வேண்டும். 12 லீற்றரிற் தொடங்கிய பசுவுக்கு முதலில் மூன்று, பின்னர் இரண்டு, இறுதியில் ஒன்று என ஓர் ஈற்றில் ஆறு கன்றுகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் முன் ஒருநாட் பாலைக் கறந்து அளந்து பார்த்தே தொகையை முடிவுசெய்க. அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன் பாலை வற்றச்செய்து, பசுவுக்கு ஓய்வு கொடுக்க மறவாதீர்கள்.

கமக்காரப் பெருமக்களே, விதைநெல்லை விற்றுவிட்டு அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்று ஏங்குபவரை நாம் அறிவுடையவர் என்று சொல்வதில்லை. நாகு கன்று கொட்டிலின் விதைநெல். அதற்குரிய பாலை அதற்கே கொடுங்கள். செவிலிப் பசுவைப் பழக்க விரும்புவோர் முதலில் இரண்டு கன்றோடு தொடங்கி, கைவந்தபின் தொகையைக் கூட்டுங்கள். பசுவைச் சோதிப்பதற்கும் மருந்துக்கும் உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரை நாடுங்கள்.