உதவித்தொகை வேறு, ஊதியம் வேறு
(கல்வி உதவி பெறும் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ரமளானில் நாங்கள் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் கல்லூரிக் கட்டணம் பெற்ற பையன்களை நோன்புக் கஞ்சி ஊற்றவும் அண்டா கழுவவும் தினமும் வரச் சொன்னோம். சேவைதானே என்று நினைத்தோம். ஒரு தாயார் வந்து, "பீஸ் கட்டினதுக்கு என் புள்ளைகிட்ட வேலை வாங்குறீங்களா பாய்?" என்று கேட்டார். எங்களுக்கு வாய் எழவில்லை. அது தேர்வு நேரம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

ஸகாத் ஏழையின் உரிமை. அதைக் கொடுத்துவிட்டு ஈடாக உழைப்பைக் கேட்க முடியாது. அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியருக்குத்தான் அதிலிருந்து ஊதியம் உண்டு. மதரஸாவில் ஓதிய பாடம்தான். நிர்வாகத்தில் உட்கார்ந்ததும் மறந்துபோனோம்.

ஆகவே இந்த ஆண்டு முதல் இரண்டு கணக்கு. கல்வி உதவி ஸகாத் நிதியிலிருந்து, எந்த நிபந்தனையும் இல்லாமல். சமுதாய வேலை செய்ய விரும்பும் மாணவருக்குத் தனியாக மாத ஊதியம், பொது நன்கொடையிலிருந்து. வேலை வேண்டாம் என்றால் உதவியில் ஒரு ரூபாயும் குறையாது.

சேவைக்கு எதற்குக் காசு என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலை நேரத்தை இலவசமாகத் தரலாம். இல்லாத வீட்டுப் பிள்ளையின் மாலை நேரம் ஏற்கெனவே கடையிலோ, பைக்கில் உணவு கொண்டுபோவதிலோ விலைபோய்விட்டது. அந்த நேரத்தை நம் தெருவுக்குத் திருப்ப வேண்டுமானால் அதற்குரியதைக் கொடுத்தாக வேண்டும்.

அரசே வழிகாட்டியிருக்கிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே வகுப்பு. ஒருவருக்கு 20 பிள்ளைகள் வரை. மாதம் 1000 ரூபாய். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்பதால் கல்லூரி மாணவிகளும் வந்தார்கள். அமெரிக்காவில் 1964 முதல் உதவி பெறும் மாணவர்களுக்கு இப்படி வேலை தருகிறார்கள். அந்த நிதியில் குறைந்தது 7 சதவீதம் சமுதாயப் பணிக்குப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மாகறலில் வேலைக்கா பஞ்சம்? தறி ஓடும் வீடுகளில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். முதியோர், விதவை உதவித்தொகைக்கும் உலமா நல வாரியத்துக்கும் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். இ-சேவை மையத்துக்குக் கூடப் போக வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களைக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். காலையில் போனால் மதியம்வரை வரிசை. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை கூட இருந்தால் எவ்வளவு தைரியம்!

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான். தேர்வு மாதத்தில் கிடையாது. பெண்பிள்ளைகளுக்கும் அதே ஊதியம். அவர்கள் வகுப்பு மஃக்ரிபுக்கு முன் முடிந்துவிடும். மாதத்தின் முதல் ஜும்ஆவுக்குள் பணம் கையில் வரும். தாமதமானால் எங்களிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.

விண்ணப்பத் தாள் இஷா தொழுகைக்குப் பின் மதரஸா அலுவலகத்தில் கிடைக்கும். உதவி பெறுபவர் யார், வேலைக்கு வந்தவர் யார் என்ற பட்டியலோ படமோ நம் இதழில் வராது.