ஷெரி பீப்பாய், நம்ம ஊர் வெயில்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். "பாண்டிச்சேரி கடையில சிங்கிள் மால்ட் பாக்கறேன். 'ஷெரி காஸ்க்'னு போட்டிருந்தா விலை எகிறுது. அதுல ஷெரி கலந்திருக்காங்களா? நிறம் கருப்பா இருக்கறதுதான் நல்லதா?" ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லைங்கறதுதான். ஆனா ஏன் இல்லைனு தெரிஞ்சா, அடுத்த தடவை கடையில நிக்கும்போது உங்க காசு கொஞ்சம் மிஞ்சும்.

முதல்ல ஒரு விஷயம். குடிக்காதவங்க இதைக் கேட்டுட்டு ஆரம்பிக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. உடம்புக்கு நல்லதுனு நான் எங்கயும் சொல்லப் போறதும் இல்ல. இது ஏற்கெனவே அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கான பேச்சு.

ஷெரிங்கறது ஸ்பெயின்ல ஹெரெஸ்ங்கற ஊர்ப் பக்கம் செய்யற ஒயின். அந்த ஊர் பேரு இங்கிலீஷ்காரங்க வாயில திரிஞ்சுதான் 'ஷெரி' ஆச்சு. ஒயினோட கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து பலம் ஏத்துவாங்க. இதுல நமக்கு வேண்டியது ரெண்டு வகை. ஒண்ணு ஒலொரோசோ. காத்து பட பட பீப்பாயில பழுக்கறது, வாதுமை வாசனை, இனிப்பு கிடையாது. இன்னொண்ணு பெத்ரோ ஹிமேனெஸ், சுருக்கமா பி.எக்ஸ். திராட்சையை வெயில்ல காயப்போட்டுப் பிழியறது, பாகு மாதிரி இருக்கும். 'ஷெரினா இனிப்பு'ங்கற நம்பிக்கை பாதிதான் சரி.

அப்ப விஸ்கிக்குள்ள இது எப்படி வந்தது? அந்தக் காலத்துல ஷெரி பீப்பாய் பீப்பாயா கப்பல்ல பிரிட்டனுக்குப் போகும். அங்க பாட்டில்ல அடைச்சதும் காலிப் பீப்பாய் மிஞ்சும். திருப்பி அனுப்பினா செலவு. ஸ்காட்லாந்துக்காரன் சும்மா கிடைக்கறதை விடுவானா? அதுல விஸ்கியை ஊத்தி வச்சான். அவ்வளவுதான், ரொம்ப சிக்கனமான ஒரு தொடக்கம். 1980கள்ல ஷெரியை ஸ்பெயின்லயே பாட்டில்ல அடைக்கணும்னு ஆச்சு. காலிப் பீப்பாய் வரத்து நின்னு போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இப்ப விஸ்கிக்காகவே புதுசா பீப்பாய் செஞ்சு, அதுல ஷெரியை ஊத்தி ஒண்ணு ரெண்டு வருஷம் ஊற வச்சு, ஷெரியை வடிச்சுட்டு, பீப்பாயை ஸ்காட்லாந்துக்கு அனுப்பறாங்க. ஷெரியா குடிக்கறதுக்காக அந்த ஒயினை ஊத்தறதில்ல. திரும்பத் திரும்ப பீப்பாய் பழக்கவே பயன்படுத்திட்டு, கடைசியில வினிகர் மாதிரி வேற ஏதாவது பண்ணிடுவாங்க. ஒயினுக்காகப் பீப்பாய் இருந்தது போய், பீப்பாய்க்காக ஒயின். ஹெரெஸ்ல இருக்கற ஷெரி கட்டுப்பாட்டு அமைப்பு 2015ல 'ஷெரி காஸ்க்'ங்கற பேருக்கே ஒரு சான்றிதழ் கொண்டு வந்தது. அந்தச் சான்றிதழ் வேணும்னா பீப்பாய்ல குறைஞ்சது ஒரு வருஷம் ஷெரி இருந்திருக்கணும். அமெரிக்க பர்பன் பீப்பாயை விட இது பல மடங்கு விலை. ஏன்னா பர்பனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பீப்பாய் வேணும்னு அமெரிக்கச் சட்டம். அதனால பழசு மலிவா குவியுது. உங்க பாட்டில் விலையில ஒரு பகுதி இந்த வித்தியாசம்தான்.

இப்ப நிறத்துக்கு வருவோம். ஸ்காட்ச்ல நிறத்துக்காக கேரமல் சேர்க்க சட்டத்துல அனுமதி இருக்கு. அதனால கருப்பா இருக்கறது பீப்பாயோட வேலையாவும் இருக்கலாம், கேரமலோட வேலையாவும் இருக்கலாம். மெக்காலன், கிளென்ஃபார்க்ளஸ், கிளென்ட்ரோனக் மூணும் இயற்கை நிறம்தான். லேபிள்ல 'நேச்சுரல் கலர்'னு இருக்கானு பாருங்க. இன்னொரு வார்த்தையும் பாருங்க: 'ஃபினிஷ்'. பல வருஷம் பர்பன் பீப்பாயில இருந்துட்டு, கடைசியா சில மாசம் ஷெரி பீப்பாயில இருந்தா அது ஷெரி ஃபினிஷ். தப்பில்ல, ஆனா அது வேற சரக்கு. முழுக்க ஷெரி பீப்பாயிலயே தூங்கினதுக்குக் கொடுக்கற விலையை அதுக்குக் கொடுக்காதீங்க.

அடுத்து வயசு. இங்கதான் நம்ம வெயில் வருது.

பீப்பாயில இருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போகும். 'தேவதைகளோட பங்கு'னு அழகா பேர் வச்சிருக்காங்க. ஸ்காட்லாந்துல அது வருஷத்துக்கு சுமார் 2%. பெங்களூருல 10, 12 சதவீதம் வரை போகும். கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்காட்லாந்துல 100 லிட்டர் வச்சா 12 வருஷம் கழிச்சு 78 லிட்டர் கிட்ட இருக்கும். பெங்களூருல அதே 100 லிட்டர் 5 வருஷத்துலயே 56 ஆயிடும், 12 வருஷம் விட்டா கால்வாசிதான். நம்ம ஊர் தேவதைங்க நல்லாவே குடிக்கறாங்க. (சிரிப்பு) அம்ருத் கம்பெனியே இதைக் கிண்டல் பண்ணி 2013ல 'க்ரீடி ஏஞ்சல்ஸ்'னு 8 வருஷ விஸ்கி ஒண்ணு போட்டாங்க, பேராசை பிடிச்ச தேவதைகள். மொத்தமே 144 பாட்டில்.

வெயில் விஸ்கியைக் குறைக்கறதோட நிக்கல. மரத்துக்குள்ள போய் வர்ற வேகத்தையும் கூட்டுது. அதனால ஸ்காட்லாந்துல 12 வருஷத்துல மரம் கொடுக்கறதை இங்க நாலஞ்சு வருஷத்துல கொடுத்துடும். இந்திய பாட்டில்ல பெரும்பாலும் வயசு போடறதில்ல. போட்டா 'அஞ்சு வருஷம்தானா?'னு நாம மூஞ்சியைச் சுளிப்போம்.

அம்ருத்தை 1948ல பெங்களூருல ராதாகிருஷ்ண ஜக்தாலே ஆரம்பிச்சார். அவங்களோட சிங்கிள் மால்ட் முதல்ல விற்பனைக்கு வந்தது இந்தியாவுல இல்ல, 2004ல கிளாஸ்கோவுல. ஸ்காட்லாந்துக்காரன் வாசல்லயே போய்க் கடை போட்ட மாதிரி. 2010 விஸ்கி பைபிள்ல ஜிம் மரே அவங்களோட ஃபியூஷனுக்கு 97 மார்க் போட்டு உலகத்துல மூணாவது இடம் கொடுத்தார். அப்புறம்தான் நம்ம ஆளுங்களே திரும்பிப் பார்த்தாங்க. அது எப்பவும் நடக்கறதுதானே.

ஃபியூஷன் ஷெரி கிடையாது. நம்ம பேச்சுக்கு வேண்டியது 'இன்டர்மீடியட் ஷெரி', 57.1%. முதல்ல பர்பன் பீப்பாயும் புது ஓக்கும், நடுவுல ஷெரி பீப்பாய், கடைசியில திரும்பவும் பர்பன். நடுவுல ஷெரி வர்றதாலதான் அந்தப் பேரு. எனக்கு இது பெங்களூர் வெப்பத்துக்கு ஏத்த புத்திசாலித்தனமாப் படுது. நம்ம சூட்டுல ஷெரி பீப்பாயில ரொம்ப நாள் விட்டா மரம் மட்டும்தான் பேசும், தானியம் காணாமப் போயிடும். கோவாவுல பால் ஜான் ஒலொரோசோ இருக்கு, 48%. ஹரியானாவுல இருந்து 2021ல வந்த இந்த்ரி ட்ரினி 46%. பர்பன், பிரெஞ்சு ஒயின், பி.எக்ஸ். ஷெரி, மூணு வகைப் பீப்பாயும் அதுல உண்டு. அதை ஷெரி விஸ்கினு சொல்ல மாட்டேன், ஷெரி எட்டிப் பாக்கற விஸ்கி. ஆனா அந்த விலைக்கு முதல் பாட்டிலா அதைத்தான் சொல்வேன்.

சரி, ஒப்பிட்டுப் பாக்கறது எப்படி?

நம்ம ஊர்ல அளவுக்கு வார்த்தை நிறைய இருக்கு. கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல். ருசிக்குத்தான் வார்த்தை பஞ்சம். அதுக்குக் காரணமும் உண்டு. சென்னை மாகாணத்துல 1948ல முழு மதுவிலக்கு வந்தப்ப புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது, இங்க கடை திறந்திருந்தது. 1954ல பிரெஞ்சுக்காரங்க போன பிறகும் பெரிசா மாறல. தமிழ்நாட்டுல 1971ல மதுவிலக்கைத் தளர்த்தினாங்க, 1974ல திரும்பக் கொண்டு வந்தாங்க, 1981ல திரும்ப எடுத்தாங்க. எல்லை மூடும்போதெல்லாம் நம்ம ஊருக்குப் பஸ் நிறைஞ்சது. வந்தவன் சீக்கிரமா, நிறைய குடிச்சுட்டு ராத்திரி பஸ் பிடிக்கணும். அந்த அவசரத்துல யார் மோந்து பாப்பாங்க? அந்தப் பழக்கம்தான் இன்னும் ஈ.சி.ஆர். வழியா சனிக்கிழமை சாயங்காலம் வருது. இந்த ஊர்ல பொறந்தவங்கற முறையில எனக்கு இதுல கோபமே உண்டு. தனியார் கடைகள்ல பத்து இருபது வகை மால்ட் பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்சிருக்கற ஊர் இது. வர்றவங்க கேக்கறது 'எது சீப்பு?'

அதனால என் யோசனை இது. ஆறு பேர் சேர்ந்து மூணு பாட்டில் வாங்குங்க. ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் 15 மில்லி, மொத்தம் 45 மில்லி, ஒன்றரை ஸ்மால். மூணும் 750 மில்லினு வச்சா 2,250 மில்லியில 270தான் செலவாகும். மீதியை மூடி வச்சா மாசக்கணக்கா இருக்கும். எதெது? கிளென்ட்ரோனக் 12, ஒலொரோசோவும் பி.எக்ஸ்.ஸும் சேர்ந்தது, 43%. அடுத்து பால் ஜான் ஒலொரோசோ. கடைசியா அபர்லவர் அபூனா, இல்ல அம்ருத் இன்டர்மீடியட் ஷெரி. பலம் கம்மியானதுல இருந்து மேல போங்க. 60% பக்கத்துல இருக்கற அபூனாவை முதல்ல ஊத்திட்டா நாக்கு மரத்துப் போய் மத்தது எல்லாம் தண்ணியாத் தெரியும்.

நம்ம ரூம் வெப்பநிலை ஸ்காட்லாந்து புத்தகத்துல இருக்கற ரூம் வெப்பநிலை இல்ல. 33 டிகிரியில மோந்தா மூக்குல ஸ்பிரிட் மட்டும் ஏறும். ஏ.சி. போடுங்க, இல்லனா பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. தண்ணி சில சொட்டு விடலாம், விடணும். ஆனா குழாய்த் தண்ணி வேண்டாம், கடலோர ஊர்த் தண்ணி உப்புக் கரிக்கும். வாய் குறுகின கிளாஸ் இருந்தா நல்லது.

வாசனைக்கு இங்கிலீஷ் வார்த்தை தேடாதீங்க. எல்லா விமர்சனத்துலயும் 'கிறிஸ்துமஸ் கேக்'னு எழுதுவாங்க. நமக்குத்தான் விவிக்கம் இருக்கே! ரவை, வெண்ணெய், ரம்ல ஊறின உலர்ந்த பழம் போட்டு பாண்டிச்சேரி வீடுகள்ல கிறிஸ்துமஸுக்குச் செய்யறது. கிளென்ட்ரோனக்ல அதுதான் எனக்கு வருது, கூட பேரீச்சை, கிராம்பு. பால் ஜான்ல கருப்பட்டியும் காய்ஞ்ச ஆரஞ்சுத் தோலும். அம்ருத்ல ஜாதிக்காய், அப்புறம் நாக்கோட ஓரத்துல பிடிக்கற மாதிரி ஒரு துவர்ப்பு. சில ஷெரி பாட்டில்ல தீபாவளி மறுநாள் தெரு வாசனை வரும், கருகின தீக்குச்சி மாதிரி. அது கந்தகம். காலிப் பீப்பாய் கெட்டுப் போகாம இருக்க உள்ள கந்தகம் கொளுத்துவாங்க, அது சில நேரம் விஸ்கியில தங்கிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. உங்களுக்கு எதுனு ஒரே உட்கார்ல மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும். தனித்தனியா குடிச்சா எல்லாமே 'நல்லாருக்கு'தான்.

இந்த ஊர்ல இன்னொரு வழியும் இருக்கு. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கற சொல்தா குடும்பங்கள் எல்லாத் தெருவுலயும் உண்டு. பாரிஸ்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாம கொண்டு வரலாம். அந்தப் பெட்டியிலதான் இங்க வராத பாட்டில்களைப் பார்த்திருக்கேன். மத்தவங்களுக்கு இறக்குமதி வரிதான் பிரச்சினை. 150% இருந்ததை முதல்ல 75%, பத்தாவது வருஷத்துல 40% ஆக்கறதா 2025 ஜூலையில பிரிட்டனோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. விலை எவ்வளவு இறங்கும்ங்கறது இங்க போடற கலால் வரியையும் பொறுத்தது. பாதியாகும்னு கனவு காண வேண்டாம்.

கடைசியா, சென்னையில இருந்து கேக்கறவங்களுக்கு. மிஞ்சின பாட்டிலை எடுத்துட்டுப் போகாதீங்க. செக்போஸ்ட்ல பிடிச்சா வழக்கு, வண்டியும் போகும். இங்க நண்பர் வீட்டு அலமாரியில பேர் எழுதி ஒட்டி வச்சுட்டு, ராத்திரி தங்கிட்டு, காலையில காபி குடிச்சுட்டு கிளம்புங்க. அடுத்த மாசம் வரும்போது அதே மூணையும் திரும்ப ஊத்திப் பாருங்க. திறந்து ஒரு மாசம் ஆன பாட்டில் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், அதையும் குறிச்சு வைங்க.