‘மரணம் எதுவும் பதிவாகவில்லை’: அமைச்சரின் பதிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்



நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேள்வி கேட்பதால் என்ன நடந்துவிடப் போகிறது என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கூச்சல் போடுகிறார்கள், வெளிநடப்புச் செய்கிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது, அத்தோடு சரி. இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், ஒரே ஒரு கேள்வியையும் அதற்குக் கிடைத்த ஒரே ஒரு பதிலையும் எடுத்துக்கொண்டு இன்று பேசுகிறேன். அந்தப் பதில் நம்மைப் பற்றியது. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பற்றியது.

2021 ஜூலை 28, மாநிலங்களவை. கையால் மலம் அள்ளும் தொழிலில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கேள்வி. கேட்டவர்கள் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கேயும், கர்நாடகத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஹனுமந்தையாவும். சமூக நீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே எழுத்தில் பதில் தந்தார். கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை. அவ்வளவுதான் பதில்.

சில மாதங்கள் பின்னால் போங்கள். அதே 2021 பிப்ரவரியில் மக்களவையில் அதே அமைச்சகம் ஒரு கணக்கு தந்தது. 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்தவர்கள் 340 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர். இப்போது ஒரு வாரம் முன்னால் வாருங்கள். 2021 ஆகஸ்ட் 4 அன்று அதே மாநிலங்களவையில் துறையின் அமைச்சர் வீரேந்திர குமார் சொன்ன எண்ணிக்கை 941. இது 1993 முதலான கணக்கு. இந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், 213 பேர்.

பிப்ரவரியில் 340. ஜூலையில் ஒருவரும் இல்லை. ஆகஸ்டில் 941. ஒரே அமைச்சகம், ஒரே ஆண்டு. அப்படியானால் ஜூலையில் சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். சட்டப்படி பார்த்தால் பொய் இல்லை தோழர்களே. ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பறையிலும் திறந்த சாக்கடையிலும் குழியிலும் தண்டவாளத்திலும் கிடக்கும் மலத்தைக் கையால் அள்ளுவது ஒன்று. அதற்குத்தான் ‘கையால் மலம் அள்ளுதல்’ என்று பெயர். பாதாளச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்குவது இன்னொன்று. அதற்கு ‘அபாயகரமான துப்புரவு’ என்று பெயர். முதல் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் வாளியோடும் துடைப்பத்தோடும் நிற்கும் பெண்கள். அவர்களை நோயும் அவமானமும் மெல்லக் கொல்கின்றன. அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இரண்டாவது வேலை செய்கிறவர்களை விஷவாயு சில நிமிடங்களில் கொன்றுவிடுகிறது. அந்தச் சாவு பதிவாகும், ஆனால் வேறொரு பெயரில் பதிவாகும். முதல் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், முதல் பெயருக்கு உரிய பதிலைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் வந்த பதிலும் அப்படித்தான் தொடங்கியது. கையால் மலம் அள்ளியதால் மரணமில்லை, ஆனால் அபாயகரமான துப்புரவில் மரணங்கள் உண்டு என்றது.

மலக்குழிக்குள் மூச்சடங்கியவரின் மனைவிக்கு இந்த வித்தியாசத்தை யாராவது விளக்க முடியுமா? அவருக்கு வீட்டுக்காரர் போய்விட்டார். அரசாங்கத்துக்குத் தலைப்பு மாறிவிட்டது.

இந்தப் பதிலைத் தனியாகப் பார்க்காதீர்கள். 2020 செப்டம்பரில், ஊரடங்கில் நடந்தே ஊர் போய் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, அப்படியொரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். கணக்கே இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றும் சொன்னது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு நடத்திய கூட்டத்தொடர் அது. எழுத்தில் பதில் வரும், எழுந்து நின்று துணைக் கேள்வி கேட்க முடியாது. அடுத்தது 2021 ஜூலை 20. ஆக்சிஜன் பற்றாக்குறையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கே.சி. வேணுகோபால் மாநிலங்களவையில் கேட்டார். அப்படி எந்த மரணத்தையும் மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை பதில் சொன்னது. எட்டே நாளில் மலக்குழிப் பதில் வந்தது. பாதை, மருத்துவமனை, சாக்கடை எல்லாமே பொதுச் சேவைகள். அவை கைவிட்டதால் செத்தவர்கள் ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

இப்போது நம் தரப்புக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கேட்ட கார்கே தலித். பதில் சொன்ன அத்வாலேயும் தலித். அதுவும் தலித் பேந்தர்ஸ் இயக்கத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். நம்மில் ஒருவர் அமைச்சராகிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியை யோசித்துப் பார்க்க வேண்டும். பிரதிநிதித்துவம் வேண்டும், அதற்காக நாம் உயிரைக் கொடுத்துப் போராடியிருக்கிறோம். ஆனால் இயக்கத்தின் பிடி விட்டுப்போன பிரதிநிதி, அதிகாரி எழுதிக் கொடுத்த வரியைப் படிக்கிறவராகிவிடுகிறார்.

கேள்வி கேட்டவரின் பக்கமும் பாருங்கள். 2013 செப்டம்பரில் இந்தச் சட்டம் நிறைவேறியபோது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. கார்கே அப்போது ரயில்வே அமைச்சர். அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உறைகளோடும் மலம் அள்ளுகிறவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்று அந்தச் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. ரயில்வே போன்ற துறைகளுக்காகத் திறந்து வைத்த சந்து அது என்று துப்புரவுத் தொழிலாளர் இயக்கங்கள் கண்டித்தன. 2021இல் பாஜக அரசின் அமைச்சர் ஒளிந்துகொண்ட வரையறை, காங்கிரஸ் ஆட்சி எழுதிய வரையறை. இதனால் கார்கே கேட்டது தவறு என்று சொல்ல வரவில்லை. அவர் கேட்டது சரி. ஆனால் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் வருகிற கோபம், எதிர்ப்பக்கம் போனதும் காணாமல் போகிறது. டெல்லியில் எதிர்க்கட்சியாக இருந்து மலக்குழி மரணத்தைப் பற்றிக் கேட்கிற கட்சிதான் மாநிலத்தில் ஆளுங்கட்சியாக இருந்து அதே மரணத்தை ஒப்பந்ததாரர் தலையில் கட்டுகிறது. 213 என்ற எண்ணுக்குத் தமிழ்நாட்டை மாறி மாறி ஆண்ட எல்லோரும் பொறுப்பு.

ஆகவே, கேள்வியை எதிர்க்கட்சியிடம் குத்தகைக்கு விட்டுவிட முடியாது. நல்ல கேள்வி வெளியிலிருந்துதான் சபைக்குள் போகிறது. அந்த 941 என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. பதினோரு ஆண்டுகள் நடந்த வழக்கு. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டுபிடித்து 10 லட்சம் ரூபாய் கொடு என்று நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுக்க வேண்டும் என்றால் ஆளை எண்ண வேண்டும். எண்ணியதால்தான் ஆகஸ்டில் அமைச்சரால் வெறும் ‘இல்லை’யோடு நிறுத்த முடியவில்லை. அரசாங்கம் தானாக வந்து நம் பிணங்களை எண்ணியதில்லை, தொழிலாளர்கள் எண்ண வைத்தார்கள்.

சரியான கேள்வி என்ன செய்யும் என்பதற்கு அதே ஆண்டிலேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில் ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் மனோஜ் ஜா மாநிலங்களவையில் வேறு மாதிரி கேட்டார். கையால் மலம் அள்ளுகிறவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் எந்தச் சாதி? அதற்கு மழுப்ப இடமில்லை. அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். சாதி விவரம் கிடைத்தது 43,797 பேருக்கு. அதில் பட்டியல் சாதியினர் 42,594 பேர், பழங்குடியினர் 421, பிற்படுத்தப்பட்டோர் 431, மற்றவர்கள் 351. நூற்றுக்கு 97 பேர் தலித்துகள். இது சாதித் தொழில் இல்லை, வறுமையால் வரும் வேலை என்று வாட்ஸ்அப்பில் உங்களோடு சண்டை போடும் நண்பருக்கு இந்திய அரசே தந்திருக்கும் பதில் இது. நாட்டில் ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். மலக்குழியில் மட்டும் ஏன் நாம் 97 பேர்?

இன்னொரு பாடமும் நம் வரலாற்றில் இருக்கிறது. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1923இல், பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே பொது நீர்நிலைகளைத் திறந்துவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார். மகாட் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. சபையில் கிடைத்த தீர்மானத்தைத் தெருவில் கால்கள்தான் உண்மையாக்கின. தீர்மானம் இல்லாமல் அந்த நடைக்குச் சட்ட பலமில்லை, நடை இல்லாமல் தீர்மானத்துக்கு உயிரில்லை.

இங்கிருந்து போகும்போது நீங்கள் என்ன செய்யலாம்? நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகள் உண்டு. குறியில்லாத கேள்விக்குக் காகிதம் மட்டும் வரும். உங்கள் தொகுதி உறுப்பினர் மலக்குழி பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அவர் கேட்கவில்லை என்றால் கேள்வியை நீங்கள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கேட்கும்போது ஓட்டை விடாமல் கேளுங்கள். ‘கையால் மலம் அள்ளி’ இறந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். பாதாளச் சாக்கடை, மேன்ஹோல், செப்டிக் டேங்க், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றில், அரசு வேலையிலோ ஒப்பந்த வேலையிலோ தனியார் வீட்டிலோ இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். எத்தனை சாவுக்கு முதல் தகவல் அறிக்கை போட்டார்கள்? 2013ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளைச் சேர்த்தார்களா, வெறும் கவனக்குறைவு என்று எழுதினார்களா? பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது 2016 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். அந்தச் சட்டத்தில் எத்தனை வழக்கு? எத்தனை பேருக்குத் தண்டனை? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை குடும்பத்துக்கு முழுத் தொகை போய்ச் சேர்ந்தது? அடைப்பெடுக்கும் எந்திரங்கள் எத்தனை, அவற்றில் ஓடுகிற நிலையில் இருப்பவை எத்தனை? ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்?

இப்படிக் கேட்டால் வருகிற பதிலும் மாறும். சாக்கடைச் சாவுகள் எப்படி நடந்தன என்று அரசே நடத்திய சமூகத் தணிக்கையின் முடிவு 2025 ஜூலையில் மக்களவைக்கு வந்தது. ஆராய்ந்தது 54 மரணங்களை. அதில் 49 பேரிடம் பாதுகாப்புக் கருவி எதுவுமே இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ‘எதுவும் பதிவாகவில்லை’ என்ற அதே அமைச்சகத்தின் கணக்கு இது. அமைச்சர்கள் மனம் திருந்தியதால் வந்த மாற்றம் என்று நான் நம்பவில்லை. வெளியிலிருந்து எண்ணியவர்களும் உள்ளே விடாமல் கேட்டவர்களும் சேர்ந்து அந்த இடத்துக்குத் தள்ளினார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் மலக்குழியில் ஒருவர் இறந்தால், இரங்கல் பதிவு போடுவதற்கு முன்னால் காவல் நிலையத்துக்குப் போய் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பெயர் அரசாங்கத்தின் ஏட்டில் ஏறும்வரை விடாதீர்கள்.