வீட்டு இணையத்துக்கும் ஒரு பூட்டு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்புத் தோழிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பழைய நினைவுகளைப் பேசத்தான் எங்களை அழைத்தீர்கள். விடுதிச் சாப்பாட்டையும் வலைப்பந்து மைதானத்தையும் பற்றிப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன வருடம் ஏமாந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்கள் வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், ரொறொன்ரோ என்று 38 பேர். ஒருநாள் தோழி ஒருத்திக்குத் தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து செய்தி வந்தது: "எனக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாய் உங்களுக்கு வந்திட்டுது, அனுப்பி விடுங்கோ." அனுப்பினாள். அது அவளுடைய வட்ஸ்அப்பை வேறொரு கைத்தொலைபேசியில் திறப்பதற்கான எண். கேட்டவரின் கணக்கும் அதே வழியில் முன்பே பறிபோயிருந்தது.

அரை மணித்தியாலத்தில் அவள் பெயரில் எங்களுக்குச் செய்தி: அவசரம், பணம் வேண்டும், நாளைக்குத் தருகிறேன். எங்களில் மூன்று பேர் அனுப்பினோம். யோசித்திருந்தால் பிடித்திருக்கலாம். செய்தி "டியர்" என்று தொடங்கியது. அவள் எங்களை "அடியே" என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை!

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அவள் வெட்கத்தில் குழுவை விட்டு விலகி, ஐந்து மாதம் எவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. "படிச்சனீ, இதுகூடத் தெரியாதோ" என்று எங்களில் ஒருத்தி எழுதியதும் அதற்குக் காரணம். அதற்காக இந்த மேடையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

பிறகு கணினித் துறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடமே பாடம் கேட்டோம். பெருஞ்செலவு வருமென்று பயந்தோம். ஒரு சதமும் செலவாகவில்லை. வட்ஸ்அப் அமைப்புகளில் இரு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் நீங்களே ஒரு ஆறு இலக்க இரகசிய எண்ணைப் போட்டுவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் எண் மட்டும் கள்வனுக்குப் போதாது. கணக்குப் பறிபோனாலும், உடனே உங்கள் கைத்தொலைபேசியில் மறுபடி பதிவு செய்தால் அவன் வெளியே தள்ளப்படுவான்.

வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையே இன்னும் பாவிக்கிறீர்களென்றால் மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால், ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தரும் இந்தச் சேவை தீங்கான தளங்களையும் ஆபாசத் தளங்களையும் பெரும்பாலும் தடுக்கும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் வைரஸ் காவல் உள்ளேயே இருக்கிறது. ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், அடுத்து 101ஐ அழைத்து இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு.

பணம் கேட்டு யார் எழுதினாலும், அழைத்துக் குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்பது இப்போது எங்கள் குழுவின் சட்டம்.

அந்தத் தோழி இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் இதைச் சொன்னோம். தேநீர் நேரத்தில் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருப்போம்; கைத்தொலைபேசியோடு வாருங்கள், இரகசிய எண் போட ஐந்து நிமிடம் போதும். மேசையில் அவள்தான் இருப்பாள்.