நாற்பது நாளும் கதவு திறந்திருக்கட்டும்

(நமது அறக்கட்டளையின் தாய்-சேய் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த வீடொன்றில் அகீகா. வீடு நிறையக் கூட்டம். அன்றுதான் தராசும் வெப்பமானியும் பையில் வைத்துக்கொண்டு செவிலியர் வந்தார். "சில்லா முடியட்டும், அப்புறம் வாங்கம்மா" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டது, உள்ளங்காலெல்லாம் மஞ்சள். நள்ளிரவில் 108-ஐ அழைத்துக்கொண்டு ஓடினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது. அந்த விருந்தில் நாமும் சாப்பிட்டோம், தொட்டிலையும் எட்டிப் பார்த்தோம். நம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தச் செவிலியரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது 2011 முதல் நாடு முழுவதும் உள்ள ஏற்பாடு. நம் சில்லாவும் ஏறக்குறைய அதே கணக்குதான்! இது எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பச்சிளம் குழந்தைகளை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். அங்கே முதல் மாத மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. 1999-இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறவரை நம் பெரியவர்கள் உட்காரவைத்து டீ கொடுக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க வருகிறவருக்கு மட்டும் ஏன் சில்லா குறுக்கே வருகிறது? வருகிறவரும் பெண்தானே.

இன்னொன்று, செவிலியர் திட்டுவாரென்று நாம் மறைப்பது. தஹ்னீக் சுன்னத்து, மறுக்கவில்லை. பேரீச்சம்பழத்தை மென்று மேலண்ணத்தில் லேசாகத் தடவுவதோடு அது முடிந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. தேன் ஒரு வயது வரை வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும். பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமின்றி அழுதுகொண்டே இருந்தால் கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், செவிலியரிடமும் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மருமகளின் பெயர் ஓசூரில் பதிவாகியிருக்கும். தலைப்பிரசவத்துக்கு அவள் அத்திப்பள்ளிக்கோ ஆனேக்கல்லுக்கோ தாய்வீடு போய்விடுவாள். இங்கே செவிலியர் வந்தால் ஆளில்லை. அங்கே உள்ள ஆஷா பணியாளரின் ஏட்டில் பெயரில்லை. பத்து கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் மாநிலம் வேறு. ஆறு வருகையும் இப்படியே போய்விடுகிறது. எனவே புறப்படும் முன் இங்குள்ள செவிலியருக்கு ஒரு போன் செய்யுங்கள். தமிழ்நாட்டு கர்ப்பிணிப் பதிவு எண்ணைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அங்கே போனதும் ஆஷாவிடம் காட்டி, கர்நாடகத்தின் தாயி கார்டு பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம்.

சிப்காட் பக்கம் வாடகை அறைகளில் பீகார், உத்தரப்பிரதேசத்துச் சகோதரர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கணவர் நைட் ஷிஃப்ட் போனால் பெற்றவளுக்குத் துணை யாருமில்லை. செவிலியரின் தமிழும் அவளுக்குப் புரியாது. உருது பேசும் நம் சகோதரிகள் சிலர் செவிலியருடன் கூடப் போக முன்வந்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. இன்னும் ஆள் வேண்டும்.

வரும் வெள்ளி ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு நோட்டு வைக்கிறோம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிரசவ மாதத்தையும், பிறகு நாற்பது நாளும் அவர் தங்கப்போகும் முகவரியையும் எழுதுங்கள். பெண்ணின் பெயர் எழுதத் தயக்கமாக இருந்தால் கணவர் பெயர் போதும்.